எச்சரிக்கை இலக்கியம்!

இலக்கியத் திறனாய்வு எழுதப் புகுவோர் காப்பியத்தை எடுத்துக்கொள்வர், சிறுகதையை எடுத்துக்கொள்வர், கவிதை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் வடிப்போரும் உண்டு. நாமோ இக்கிழமை ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதை இயற்றிய புலவர் யார் என்று தெரியாது. அது அரங்கேறிய அவையும் தெரியாது. ஆயினும், கம்பன் நுழையாத வீட்டிலும், இளங்கோ எட்டிப்பாராத தெருவிலும், ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் அந்த வாக்கியம் ஓயாமல் ஒலித்தது. நாளுக்கு ஒருமுறையா? இல்லை, கிரிக்கெட் ஆட்டத்தின் இடைவேளைதோறும்!

இவ்விளையாட்டில் பண இழப்புக்கு இடமுண்டு. இது அடிமையாக்கவும் கூடும். பொறுப்போடும் உங்கள் சொந்தப் பொறுப்பிலும் ஆடுங்கள் — அந்த வாக்கியத்தின் பொருள் இது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு விளம்பரங்களில் இது இடம்பெற வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் விதி வகுத்தது. அதைப் பின்பற்றுமாறு நடுவண் அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2020 டிசம்பரில் தொலைக்காட்சி நிலையங்களுக்கு அறிவுரை அனுப்பியது. அச்சு விளம்பரமானால் ஐந்தில் ஒரு பங்கு இடம் இதற்கு ஒதுக்கப்பட வேண்டும். ஒலி வடிவமானால், மனிதர் இயல்பாகப் பேசும் வேகத்தில் சொல்லப்பட வேண்டும். விதி அழகான விதிதான்!

ஆதம்பாக்கம் கடைத்தெருவில், தேநீர்க் கடைத் தொலைக்காட்சியின் முன் நின்று நாம் கேட்ட வேகம் எது? நடிகர் நிறுத்தி நிதானமாகச் சிரிக்கிறார். நிறுத்தி நிதானமாக ஆயிரத்தை எண்ணுகிறார். அவர் சென்றபின் ஒரு குரல் வருகிறது, விரைவு வண்டி பழவந்தாங்கலில் நில்லாது செல்வதுபோல. என்ன சொன்னது என்று கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார்.

நம் வகுப்பு மாணவன் ஒருவன் அதை ஒரே மூச்சில், ஒரு சொல்லும் பிறழாமல் ஒப்பித்துக் காட்டினான். வகுப்பே கைதட்டிற்று. நாமும் சிரித்துவிட்டோம். அவனை அமரச் சொன்ன பின்னர்தான் நமக்கு உறைத்தது: ஓர் அரசு தன் மக்களை நோக்கி விடுத்த எச்சரிக்கை, பதின்மூன்று வயதுப் பையனுக்கு நாப்பிறழ் பயிற்சியாகப் பயன்பட்டிருக்கிறது.

சரி, வாக்கியத்தின் இலக்கணத்தைப் பார்ப்போம். ஆசிரியத் தொழில் நம்மை விடாது. இதில் செய்பவன் யார்? இழப்புக்கு 'இடமுண்டு' — இழக்கச் செய்பவன் யார் என்பதில்லை. அது 'அடிமையாக்கக் கூடும்' — ஆண்டான் யார் என்பதில்லை. நிறுவனத்தின் நிழல்கூட வாக்கியத்தில் விழவில்லை. முழு வாக்கியத்திலும் ஓர் ஆள்தான் இருக்கிறான். அவன் கேட்கின்ற நீ. 'பொறுப்பு' என்ற சொல் இருமுறை வருகிறது. இருமுறையும் உன் தலையிலேயே இறங்குகிறது. எச்சரிக்கை என்றால் எரியும் வீட்டைக் காட்டிக் கூவுவது. இதுவோ, எரிந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளும் கைச்சீட்டு!

வள்ளுவரும் எச்சரித்தார். சூதுக்கென்று பத்துக் குறள் ஒதுக்கினார். அதை அறத்துப்பாலில் அன்று, பொருட்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் வைத்தார். அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். தோற்பாய் என்று அவர் தொடங்கவில்லை. வென்றாலும் வேண்டாம் என்கிறார். அந்த வெற்றியே மீன் விழுங்கிய தூண்டில் முள் என்கிறார். நம் காலத்து எச்சரிக்கை இழப்பைப் பற்றி மட்டும் பேசுகிறது. வெற்றியைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஏன்? விளம்பரமே வெற்றிதானே! சேர்ந்தவுடன் சலுகைப் பணம், முதல் சில ஆட்டங்களில் கிடைத்த நூறு, இருநூறு — இவையல்லவா ஒருவனை உள்ளே இழுக்கின்றன? நோய் எங்கே தொடங்குகிறது என்பதை ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய புலவர் அறிந்திருந்தார். அமைச்சகம் அறியவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அறிந்ததைச் சொல்லவில்லை என்று மட்டும் சொல்வோம்.

புராணிகர்கள் இதைவிட மோசம் என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். நளன் நாடிழந்ததற்குக் கலி பிடித்ததே காரணம் என்றனர். தருமன் மனைவியைப் பணயம் வைத்ததற்குச் சகுனியின் காயைக் குறை கூறினர். பகுத்தறிவு பேசிய நாம் அந்தக் கலியைக் கண்டு நகைத்தோம். இன்று கைப்பேசியில் ஆடுகிறவனின் எதிரே அமர்ந்திருப்பது யார்? முகமில்லை. அவன் எத்தனை மணிக்கு விழித்திருக்கிறான், எப்போது கையிருப்பு தீர்கிறது, விலகியவனை எந்தச் சலுகை திரும்ப அழைக்கும் — இவ்வளவையும் கணக்கிடும் ஆற்றல் நிறுவனத்தின் கணிப்பொறிக்கு உண்டு. கலி ஒரு நளனைப் பின்தொடர்ந்தான். கணிப்பொறியோ இலட்சம் நளன்களைப் பெயர் பெயராக அறியும்.

நம் வீட்டு முற்றத்தையும் கூட்டிவிட்டுத்தான் அயலான் வீட்டைப் பார்க்க வேண்டும். ஆதம்பாக்கத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் இயற்றிற்று. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, வெறும் வாய்ப்பன்று என்று 1996இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. சட்டம் செல்லாமற் போயிற்று. 2024 செப்டம்பரில் 160 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தின் குத்தகையை நீக்கி அரசு முத்திரையிட்டது. பின்னர் அங்கே மழைநீருக்குக் குளம் வெட்டினார்கள். சீரழிவென்று சட்டம் சொன்னதை நிறுத்த, ஐம்பது ஆண்டு கழித்து, வாடகைப் பாக்கி வந்து உதவ வேண்டியிருந்தது!

அதே அரசுதான் 1968இல் பரிசுச் சீட்டும் நடத்தியது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அதற்கொரு நியாயமும் சொல்லப்பட்டது, எதுகை இனித்தது. சீட்டு வாங்கியவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதை எதுகை கேட்கவில்லை. 2003இல் தமிழகத்தில் பரிசுச் சீட்டு விற்பனைக்குத் தடை வந்தது. சூதை வருவாயாகக் கண்ட கண் நம்மவர்க்கும் இருந்தது என்பதை எழுதத் தயங்கினால், பிறரைத் திறனாயும் உரிமை நமக்கில்லை.

இணையவழிச் சூதின் சட்டக் கதை நீளமானது, சுருக்கிச் சொல்வோம். 2020 நவம்பரில் அவசரச் சட்டம். 2021 பிப்ரவரியில் சட்டம். 2021 ஆகஸ்டு 3இல் அதைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 2022 ஜூனில் நீதிபதி சந்துரு தலைமையில் குழு. அக்டோபரில் சட்டமன்றத்தில் மீண்டும் சட்டம். ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மன்றம் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல். அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் விதிகள் வந்தன. ஜூன் 3இல் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. ஆகஸ்டு 22இல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவாயினும் தடை என்னும் நடுவண் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பெரிய உள்நாட்டு நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. வழக்குகள் உச்சநீதிமன்றத்திற்குச் சென்றன.

இத்தனை அலைச்சலில் நம் கண்ணில் பட்டது ஒரு கணக்கு. 2022இல் மக்கள் கருத்தைக் கேட்டது அரசு. 10,735 மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றுள் 10,708 தடை வேண்டும் என்றன, 27 வேண்டாம் என்றன. பெருமைக்குரிய கணக்குத்தான். ஆனால் மின்னஞ்சல் எழுதத் தெரிந்த பத்தாயிரம் பேர் யார்? மகன் தோற்ற பணத்துக்காகத் தாலிச் சரட்டை அடகுக் கடையில் வைத்தவள் அந்தப் பத்தாயிரத்தில் இருந்தாளா? கருத்துக் கேட்பு என்னும் கதவு திறந்திருந்தது உண்மை. வாசற்படி மட்டும் உயரமாக இருந்தது.

அரசின் தகவல் ஆளுமை இதுதான்: தகவல் கீழிருந்து மேலே போகும், மேலிருந்து கீழே வராது. ஆணைய விதிகளைப் பாருங்கள். ஆடுபவன் பதினெட்டு வயது நிரம்பியவன் என்று ஆதார் கொண்டு காட்ட வேண்டும். கைப்பேசிக்குக் கடவு எண் வர வேண்டும். நள்ளிரவு பன்னிரண்டு முதல் விடியற்காலை ஐந்து வரை ஆட்டம் மூடியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடினால் அரைமணிக்கு ஒருமுறை எச்சரிக்கை தோன்ற வேண்டும். நல்ல விதிகள், இரவு ஐந்து மணி நேரமாவது ஒருவன் உறங்கினால் அது ஒரு குடும்பத்துக்கு வரவு. செலவு வரம்பை வகுப்பவன் யார்? அவனே! குடிகாரனிடம் அளவுக் கிண்ணத்தைக் கொடுத்து, 'நீயே அளந்து குடி' என்பது போன்ற ஏற்பாடு.

நடுவண் அரசோ எண்ணிக்கையால் பேசும். 2022 முதல் 2025 தொடக்கம் வரை பந்தய, சூதாட்டத் தளங்களைத் தடுக்க 1,410 ஆணைகள். 2025 மார்ச்சில் சரக்கு சேவை வரிப் புலனாய்வினர் முடக்கிய தளங்கள் 357. எந்தத் தளங்கள்? எந்த நாளில்? மறுநாள் பெயரில் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தவை எத்தனை? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2009இல் வகுத்த விதிகளின்படி, தளத் தடை பற்றிய முறையீடும் நடவடிக்கையும் மறைபொருள்; மக்கள் கேட்டறிய இயலாது. பட்டியலை வெளியிட்டால் சூதாடிக்கு அதுவே வழிகாட்டி நூலாகிவிடும் என்பர். இந்த வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. அதில் உண்மை உண்டு. ஆயினும் இந்தோனேசியாவில் நடந்ததையும் கேளுங்கள். சூதாட்டத் தளங்களைத் தேடித் தடுப்பதற்கென்றே இருந்த தகவல்தொடர்பு அமைச்சகத்தின் ஊழியர் சிலரை 2024 நவம்பரில் காவல்துறை கைது செய்தது. குற்றம் என்ன? ஏறத்தாழ ஆயிரம் தளங்களை, காசு பெற்றுக்கொண்டு, தடைப்பட்டியலில் சேராமல் காத்தார்கள் என்பது! வேலியே பயிரை மேய்ந்தது. பட்டியல் இருட்டில் இருந்ததால் மேய்ந்தது யாருக்கும் தெரியவில்லை. முழுப் பட்டியலை வெளியிட மனமில்லையா? எத்தனை முறையீடு வந்தது, எத்தனை நாளில் தடை விழுந்தது, எத்தனை திரும்பி வந்தன என்ற எண்களையாவது திங்கள்தோறும் தமிழில் அச்சிடலாமே. அதில் எந்தச் சூதாடிக்கு என்ன வழி கிடைத்துவிடும்?

இவ்வளவும் ஏட்டறிவு. சென்ற பெற்றோர் கூட்டத்தில் நமக்குப் பாடம் நடத்தியவர் ஒரு மாணவியின் தாயார்.

மாலையில் இட்லிக் கடை போடுபவர். மூத்த மகன் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். முதலில் ரம்மி. தடை வந்தபின் அது நின்றது. 'நின்றது என்று மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன் சார்' என்றார். இரண்டு மாதத்தில், கைப்பேசிச் செய்தி வழியாக யாரோ ஒருவன் அயல்நாட்டுத் தளம் ஒன்றுக்கு வழிகாட்டினான். இளையவளின் கல்லூரிக்கென்று கட்டிய சீட்டுப் பணம் போயிற்று. மகன் அழுதான், சத்தியம் செய்தான், திரும்ப ஆடினான்.

அவரை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். 'கணக்கு யார் பெயரில்? அவரே வர வேண்டும். அவர் கைப்பேசிக்குத்தான் கடவு எண் வரும்' என்றனர். 'அவன் வரமாட்டான் ஐயா. அவன் வந்தால் நான் ஏன் வருகிறேன்?' என்றார் அம்மையார். அதற்கு விடையளிக்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. இணையப் பண மோசடிக்கு 1930 என்னும் உதவி எண் இருப்பதை அவருக்கு எழுதிக் கொடுத்தோம். (மதராஸ் சூதாட்டச் சட்டம் பிறந்த ஆண்டும் 1930தான்.) அது ஏமாற்றப்பட்டவருக்கான எண், தன் மகன் ஏமாந்தவனா, ஆடியவனா என்று அவர் நம்மைக் கேட்டார். 'புகார் கொடுத்தால் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா சார்?' என்றும் கேட்டார்.

நாம் கலையியலில் பட்டம் பெற்றவர். செய்தித்தாளை நாள் தவறாமல் படிப்பவர். நமக்கே தடுமாற்றம். தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடியவனுக்கும் மூன்று மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. 2025ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தில் ஆடியவனுக்குத் தண்டனை கிடையாது. நடத்தியவனுக்கும், விளம்பரம் செய்தவனுக்கும், பணம் கடத்திவிட்டவனுக்கும்தான். ஒரு தாய் வாய் திறப்பதா மூடுவதா என்பது இந்த வேறுபாட்டில் தொங்குகிறது. இதை இரண்டு வரித் தமிழில் எழுதி நியாயவிலைக் கடைச் சுவரில் ஒட்ட எத்தனை காசு ஆகும்? ஐந்தாண்டுக் காலம் ஒரு வாக்கியத்தை விரைவு வண்டி வேகத்தில் ஓட்டிய நாட்டில், இந்த இரண்டு வரியை நின்று சொல்ல ஒருவரும் இல்லை.

சிங்கப்பூரைச் சொல்லத் தயக்கம்தான். அங்கே 2010 முதல் சூதாட்ட மாளிகைகள் அரசின் அனுமதியோடே நடக்கின்றன. நஞ்சையும் விற்று மருந்தையும் விற்கும் நாடு. ஆயினும் அந்த மருந்தில் ஒன்றை நாம் கேட்டு வாங்கலாம். அங்கே சூதாடியின் தாயோ மனைவியோ மகனோ, அவனை விலக்கி வைக்குமாறு சூதாட்டச் சிக்கலுக்கான தேசிய மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். விசாரித்து ஆணையிடுவார்கள், மாளிகைக் கதவு மட்டுமன்றி, அனுமதி பெற்ற இணையப் பந்தயக் கணக்கும் அவனுக்கு மூடப்படும். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் அந்நாட்டில், குடும்பம் என்பது தகவல் தரத் தகுதியுள்ள ஒரு தரப்பு. இங்கே குடும்பம், வாசலில் நிற்கும் கூட்டம்.

முழுத் தடை வந்தபின் இங்கே விலக்கி வைக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறுவனம் போயிற்று, வங்கி இருக்கிறதே! அயல்நாட்டுத் தளம் பணத்தை ஆகாயத்தில் வாங்குவதில்லை. யாரோ ஒரு தனியாளின் கணக்கை வாடகைக்கு எடுத்து, அதன் வழியே வாங்குகிறது. சில நாளில் கணக்கு மாறுகிறது. அந்தக் கணக்குகளைத்தான் அதிகாரிகள் தேடுகிறார்கள். அவை எங்கே எழுதியிருக்கின்றன?

அந்தத் தாயாரின் பையில் எழுதியிருந்தன. மகன் உறங்கும்போது, இளைய மகளை விட்டுக் கைப்பேசிச் செய்திகளைப் படிக்கச் சொல்லி, நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்: தேதி, தொகை, பணம் பெற்றவர் பெயர். ஐந்நூறு, ஆயிரத்து இருநூறு, மறுபடி ஐந்நூறு. ஒரு கிழமைக்கு ஒரு பெயர். அடுத்த கிழமை வேறு பெயர். வள்ளுவர் சொன்ன தூண்டிலும் அதில் இருந்தது. இரண்டு இடங்களில், பச்சை மையில், வரவு என்று. எழுத்துப்பிழை மலிந்த அந்த நோட்டைப்போல் ஒழுங்கான ஆவணம் ஒன்றை எந்தத் துறையின் அறிக்கையிலும் நாம் பார்த்ததில்லை. அதை வாங்கிப் பார்க்க ஒரு மேசையும் முன்வரவில்லை.

படியெடுத்துத் தருவதாகச் சொல்லி, நோட்டை நம்மிடம் வைத்துக்கொண்டோம். திங்கட்கிழமை காலை, முதல் மணி அடிக்குமுன் அவர் பள்ளி வாயிலுக்கு வந்துவிட்டார். படி எடுத்தாயிற்று என்றால் நோட்டைக் கொடுத்துவிடுங்கள் சார், பின்பக்கத்தில் பால் கணக்கு எழுத வேண்டும் என்றார்.